டீசல் இருக்கிறது, லாரி ஓடவில்லை

ஒரு பழைய லாரியை நினைத்துக்கொள்வோம். நவி மும்பையில் உள்ள களம்போலி இரும்புச் சந்தையில் கம்பி ஏற்றிப் புறப்பட்டது. நாசிக் போக வேண்டும். ஷஹாபூர் வரை சாலையில் பெரிய ஏற்றம் இல்லை. அதுவரை வண்டி ஒழுங்காக ஓடியது. கசாரா மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் இழுவை குறைந்தது. மூன்றாவது கியரில் ஏறவில்லை. இரண்டாவது கியருக்கு வந்தார்கள். பிறகு முதல் கியர். பாதி மலையில் இன்ஜின் நின்றே போனது.

கிளீனர் குதித்து இறங்கினான். சக்கரங்களுக்குக் கல் வைத்தான்.

“அண்ணே, டேங்க்ல பாதிக்கு மேல டீசல் இருக்கு. பேட்டரியும் நல்லா இருக்கு. செல்ஃப் அடிச்சா சுத்துது. ஆனா ஸ்டார்ட் ஆகலையே?”

“டேங்க்ல இருந்தா போதுமா தம்பி? இன்ஜினுக்குப் போய்ச் சேரணும்ல?”

அண்ணன் சொன்னது சரி. சோறு பானையில் இருந்தால் பசி தீராது. வாய்க்கு வர வேண்டும். டீசலும் அப்படித்தான். டேங்கில் இருந்து இன்ஜினுக்கு அது ஒரு நீண்ட வழியில் வருகிறது. அந்த வழியில் எங்கே தடை வந்தாலும் வண்டி நிற்கும்.

அப்படி நின்றால் என்ன ஆகும்? சரக்கு நேரத்துக்குப் போகாது. வாடகையில் பிடித்தம் செய்வார்கள். தூரத்தில் இருந்து மெக்கானிக்கை அழைத்து வர வேண்டும். அவர் வந்ததும் சில சமயம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். “பம்ப் போச்சு, கழற்றணும்.” அந்த வார்த்தைக்கு விலை பல ஆயிரம் ரூபாய்.

பம்ப் கெடாது என்று சொல்லவில்லை. அதுவும் கெடும். ஆனால் பெரும்பாலும் குற்றம் அதற்கு முன்னால் இருக்கும். அழுக்கு, தண்ணீர், காற்று. இந்த மூன்றும்தான் டீசலின் எதிரிகள். இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்பேனரும், சுத்தமான துணியும், கொஞ்சம் பொறுமையும் போதும். இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் பம்பில் கை வைக்க வேண்டும்.

டீசல் வரும் வழி

இங்கே நாம் பேசுவது பழைய வகை லாரிகளைப் பற்றி. டாடா 1210, அசோக் லேலண்ட் காமெட் போன்ற வண்டிகள். இவற்றில் டீசலை அளந்து அனுப்பும் வேலையை ஒரு இரும்பு பம்ப் செய்கிறது. கம்ப்யூட்டர் கிடையாது.

வழியை டேங்கில் இருந்து தொடங்குவோம். டேங்கில் இருந்து ஒரு குழாய் வருகிறது. அது ஃபீடு பம்ப் என்ற சின்ன பம்புக்குப் போகிறது. இந்தச் சின்ன பம்ப் டீசலை டேங்கில் இருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சி முன்னால் தள்ளுகிறது. இதன் தலையில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைக் கையால் மேலும் கீழும் அடிக்கலாம். அதுதான் ஹேண்ட் பம்ப். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் நமக்கு உதவப் போவது இதுதான்.

அடுத்து ஃபில்டர்கள். பல வண்டிகளில் இரண்டு கிண்ணங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதல் ஃபில்டர் பெரிய தூசியைப் பிடிக்கும். இரண்டாவது ஃபில்டர் பொடித் தூசியைப் பிடிக்கும். நம் வீட்டில் முதலில் சல்லடையில் சலித்து, பிறகு துணியில் வடிகட்டுவோமே, அது போல.

ஃபில்டரைத் தாண்டினால் பெரிய பம்ப். மெக்கானிக்குகள் இதை எஃப்.ஐ.பி. என்பார்கள். பழைய ஓட்டுநர்கள் மைகோ பம்ப் என்பார்கள். பெங்களூரில் 1951இல் தொடங்கிய மைகோ என்ற கம்பெனி இந்தப் பம்புகளைச் செய்து வந்தது. 2008இல் அந்தக் கம்பெனியின் பெயர் பாஷ் என்று மாறிவிட்டது. பேச்சில் மட்டும் மைகோ போகவில்லை.

பெரிய பம்பில் இருந்து மெல்லிய இரும்புக் குழாய்கள் புறப்படும். ஆறு சிலிண்டர் இன்ஜின் என்றால் ஆறு குழாய்கள். ஒவ்வொன்றும் ஒரு நாசிலில் போய் முடியும். நாசில் டீசலைப் புகை போல நுணுக்கித் தெளிக்கும்.

எவ்வளவு வேகத்தில் தெளிக்கும் தெரியுமா? லாரி டயரில் சுமார் 100 பவுண்டு காற்று அடிக்கிறோம். கிலோ கணக்கில் அது சுமார் 7 கிலோ அழுத்தம். நாசில் திறக்கச் சுமார் 200 கிலோ அழுத்தம் வேண்டும். டயரைப் போல முப்பது மடங்கு!

இவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்றால் பம்பின் உள்ளே இடைவெளியே இருக்கக் கூடாது. உள்ளே ஒரு தண்டு ஒரு குழலுக்குள் ஏறி இறங்குகிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போடுங்கள். அதில் இரண்டு மூன்று பங்குதான் தண்டுக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளி. நம் தலைமுடியின் கனம் சுமார் எழுபது பங்கு வரும். அப்படியானால் ஒரு பொடித் தூசி உள்ளே போனால் என்ன ஆகும்? உரசும். கீறும். பிறகு அழுத்தம் வராது. அந்தத் தண்டுக்கு எண்ணெய் போடுவதும் டீசல்தான். மண்ணெண்ணெய் கலந்த டீசலை வாங்கி ஊற்றினால் அந்த வழவழப்புக் குறைந்துவிடும். விலை குறைவு என்று ஊற்றிய டீசல் கடைசியில் பம்பைத் தின்றுவிடும்.

முதலில் எதைப் பார்ப்பது?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு.

பழைய லாரிகளில் இன்ஜினை நிறுத்த ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால் டீசல் அடைபடும். இன்ஜின் நிற்கும். அதைத் திரும்பத் தள்ளிவிட வேண்டும். சில சமயம் அதன் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிடும். குமிழ் உள்ளே போயிருக்கும், பம்பில் உள்ள கைப்பிடி திரும்பியிருக்காது. அப்புறம் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இதற்காகவே இருபது கிலோமீட்டர் போய் மெக்கானிக்கை அழைத்து வந்தவர்கள் உண்டு. ஒரு சொட்டு எண்ணெயில் முடியும் வேலை!

அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். இன்னொருவர் சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வருகிறதா? அப்படியானால் டீசல் இன்ஜினுக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை. கொஞ்சம்கூடப் புகை வரவில்லையா? அப்படியானால் டீசல் போய்ச் சேரவில்லை. வழியில் எங்கோ தடை. இந்த ஒரு சோதனை பாதி வேலையைக் குறைத்துவிடும்.

மூன்றாவது, டேங்க் மூடி. இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. மூடியில் ஒரு சின்னக் காற்றுத் துளை உண்டு. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். எண்ணெய் சரியாக ஊற்றாது. இன்னொரு ஓட்டை போட்டால் மளமளவென்று ஊற்றும். காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் வெளியே வரும். டேங்க் மூடியின் துளையில் சேறு அடைத்துக்கொண்டால், டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகும். ஃபீடு பம்பால் உறிஞ்ச முடியாது. வண்டி சில கிலோமீட்டர் ஓடும், நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகும். மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் குற்றம் அதுதான். மூடியைக் கழுவி, துளையைக் குத்திவிட்டால் போதும்.

ஓடி, நின்று, மறுபடி ஓடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டேங்குக்குள் ஏதாவது துணித்துண்டோ பிளாஸ்டிக் தாளோ மிதக்கும். இன்ஜின் ஓடும்போது அது குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். நின்றதும் விலகிவிடும். டேங்கைக் கழுவினால்தான் இது தீரும். மூடி தொலைந்தால் சாக்குத்துணி திணித்து ஓட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காற்று எப்படி நுழைகிறது?

“டீசல் எங்கேயும் ஒழுகலை அண்ணே. அப்புறம் காத்து மட்டும் எப்படிப் போகும்?”

கிளீனர் தம்பி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. பலருக்கும் புரியாத இடம் இது.

இளநீரைக் குழலால் உறிஞ்சியிருப்பீர்கள். குழலில் மேலே ஒரு சின்ன ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? இளநீர் வெளியே ஒழுகாது. ஆனால் வாய்க்குக் காற்றுதான் வரும். டேங்கில் இருந்து ஃபீடு பம்ப் வரை உள்ள குழாய் இப்படித்தான். அது உறிஞ்சும் பக்கம். அங்கே ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் டீசல் சொட்டாமலே இருக்கலாம். காற்று மட்டும் உள்ளே போகும்.

ஃபீடு பம்பைத் தாண்டிய பிறகு அது தள்ளும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகும். கண்ணுக்குத் தெரியும். ஆகவே ஒழுகினால் ஃபீடு பம்புக்குப் பின்னால் தேடுங்கள். ஒழுகாமல் காற்று வந்தால் ஃபீடு பம்புக்கு முன்னால் தேடுங்கள். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும். கண்ட கண்ட நட்டையெல்லாம் முறுக்க வேண்டியதில்லை.

காற்று போனால் இன்ஜின் ஏன் நிற்கிறது? காற்று அமுங்கும். டீசல் அவ்வளவாக அமுங்காது. பம்பில் டீசல் இருந்தால் தண்டு தள்ளியதும் அழுத்தம் நாசிலுக்குப் போகும். காற்று இருந்தால் அது பஞ்சு போல அமுங்கி அமுங்கி விரியும். நாசில் திறக்காது. இதைத்தான் ஏர் லாக் என்கிறோம். டேங்கில் டீசல் தீர்ந்து வண்டி நின்றாலும் இதே கதைதான். மறுபடி டீசல் ஊற்றினால் மட்டும் ஓடாது. ஏர் எடுக்க வேண்டும்.

ஏர் எடுப்பது எப்படி?

முதலில் வண்டி உருளாமல் கைபிரேக் போட்டு, கல் வையுங்கள். கியரை நியூட்ரலில் போடுங்கள். வண்டிக்குப் பின்னால் சாலையில் எச்சரிக்கை முக்கோணத்தை வையுங்கள். ஃபில்டரையும் பம்பையும் வெளிப்புறம் துணியால் நன்றாகத் துடையுங்கள். அழுக்கோடு திறந்தால் அந்த அழுக்கே உள்ளே போகும். நூல் பிரியும் வேஸ்ட் துணி இதற்கு வேண்டாம்.

ஃபில்டரின் தலையில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதுதான் ஏர் ஸ்க்ரூ. அதை ஒன்றிரண்டு சுற்று தளர்த்துங்கள். முழுதும் கழற்ற வேண்டாம். இப்போது ஹேண்ட் பம்பை அடியுங்கள். ஸ்க்ரூ வழியாக முதலில் நுரை வரும். குமிழி வரும். அடித்துக்கொண்டே இருங்கள். குமிழி நின்று சுத்த டீசல் வரும். டீசல் வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். நின்ற பிறகு இறுக்கினால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும்.

டேங்குக்குப் பக்கத்தில் உள்ளதை முதலில் செய்யுங்கள். முதல் ஃபில்டர், இரண்டாவது ஃபில்டர், கடைசியில் பெரிய பம்பில் உள்ள ஏர் ஸ்க்ரூ. வரிசை மாறினால் முன்னால் உள்ள காற்று பின்னால் வந்து வேலை வீணாகும்.

முடிந்ததும் ஹேண்ட் பம்பின் கைப்பிடியைத் திருகி மூடுங்கள். இதை மறந்துவிடுகிறார்கள். திறந்திருந்தால் அதன் வழியே டீசல் ஒழுகும், காற்றும் போகும்.

இப்போது செல்ஃப் அடியுங்கள். பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்கக் கூடாது. ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடி அடியுங்கள். இல்லாவிட்டால் டீசல் கோளாறோடு பேட்டரிக் கோளாறும் சேர்ந்துகொள்ளும்.

அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லையா? நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களிலும் காற்று இருக்கிறது. நாசில் பக்கத்தில் இரண்டு மூன்று நட்டுகளை ஒரு சுற்று தளர்த்துங்கள். ஆக்சிலேட்டரை மிதித்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். முகத்தையும் கையையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நட்டு வழியாக டீசல் துடித்துத் துடித்து வரும். வந்ததும் செல்ஃபை நிறுத்தி, நட்டுகளை இறுக்குங்கள். பெரும்பாலும் இதில் ஸ்டார்ட் ஆகிவிடும்.

இது பழைய வண்டிக்கு மட்டும். பி.எஸ்.6 விதி நாடு முழுவதும் 2020 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி வந்த லாரிகளில் கம்ப்யூட்டர்தான் டீசலை அளந்து அனுப்புகிறது. அதற்கு முன் வந்த பல வண்டிகளிலும் அப்படித்தான். அங்கே குழாயில் அழுத்தம் 1000 கிலோவுக்கும் மேலே போகும். அந்த நட்டுகளில் ஸ்பேனர் வைக்கவே வைக்காதீர்கள்.

ஹேண்ட் பம்ப் கைக்குச் சொல்லும் செய்தியும் உண்டு. கைப்பிடியை இழுத்தால் அது தானாகக் கீழே இழுத்துக்கொள்கிறதா? டேங்க் பக்கம் அடைப்பு. ஏர் ஸ்க்ரூ திறந்திருக்கும்போதே அழுத்த முடியாமல் கடினமாக இருக்கிறதா? முன்னால், ஃபில்டர் பக்கம் அடைப்பு. எவ்வளவு அடித்தாலும் காற்றில் அடிப்பது போல லேசாக இருக்கிறதா? குழாய் காற்று இழுக்கிறது, அல்லது ஃபீடு பம்பின் வால்வில் தூசி சிக்கியிருக்கிறது.

டேங்க் பக்கமா, இன்ஜின் பக்கமா என்று சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. ஒரு சுத்தமான கேனில் கொஞ்சம் டீசல் எடுங்கள். டேங்கில் இருந்து வரும் குழாயை ஃபீடு பம்பில் இருந்து கழற்றுங்கள். அந்த இடத்தில் வேறு ஒரு நல்ல ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைக் கேனுக்குள் விடுங்கள். ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது ஒழுங்காக ஓடினால் குற்றம் டேங்கிலோ அதன் குழாயிலோ இருக்கிறது. பம்ப் நல்ல பம்ப். யாரும் அதைக் கழற்ற வேண்டியதில்லை.

மலையில் மட்டும் திணறுவது ஏன்?

கசாராவில் நின்ற லாரிக்கு வருவோம். அது திடீரென்று நிற்கவில்லை. இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சமவெளியில் நன்றாக ஓடியது. ஏற்றத்தில் திணறியது. இது ஃபில்டர் அடைப்பின் அடையாளம்.

ஏன் அப்படி? சமவெளியில் இன்ஜினுக்குக் கொஞ்சம் டீசல் போதும். பாதி அடைத்த ஃபில்டர் வழியாகக்கூட அந்த அளவு வந்துவிடும். பாரத்தோடு மலை ஏறும்போது நிறைய டீசல் வேண்டும். அந்த அளவு வராது. குழாயடியில் ஒரு குடம் பிடிக்கும்போது தெரியாத குறை, பத்துக் குடம் பிடிக்கும்போது தெரியும் அல்லவா?

கரும்புகை இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் பற்றாக்குறை. கரும்புகையோடு இழுவை குறைந்தால் வேறு கோளாறு. காற்று ஃபில்டர் அடைத்திருக்கலாம். நாசில் கெட்டிருக்கலாம்.

அண்ணன் ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே ஃபில்டர் தார் பூசியது போல இருந்தது. அடியில் சேறு. நல்ல வேளையாகப் பெட்டியில் புது ஃபில்டர் இருந்தது. கிண்ணத்தைச் சுத்த டீசலில் கழுவினார். பழைய வாஷரை எறிந்துவிட்டுப் புது வாஷர் போட்டார். கிண்ணத்தில் சுத்த டீசலை ஊற்றி நிரப்பி மாட்டினார். நிரப்பி மாட்டினால் ஏர் எடுக்கும் வேலை குறையும். பிறகு ஹேண்ட் பம்ப். குமிழி நின்றது. ஸ்க்ரூ இறுகியது. ஒரு மணி நேரத்தில் வண்டி கிளம்பியது. இகத்புரியில் டீ குடித்தார்கள்.

புறப்படும்போது சக்கரத்துக்கு வைத்த கல்லை ஓரமாக எறிந்தார்கள். இதையும் எழுத வேண்டியிருக்கிறது. நடுச்சாலையில் விட்டுப்போன கல்லில் மோதி இரவில் எத்தனையோ சைக்கிள்காரர்களும் மோட்டார் சைக்கிள்காரர்களும் விழுகிறார்கள்.

காகித ஃபில்டரைக் கழுவி மறுபடி போடலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. கழுவினால் காகிதம் கிழியும். கண்ணுக்குத் தெரியாத கிழிசல் வழியாகத் தூசி பம்புக்குப் போகும். ஃபில்டர் விலையையும் பம்ப் வேலைக்கான செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும். மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் வகுப்புக்கு வரும் ஓர் ஓட்டுநர் ஃபில்டர் கிண்ணத்தின் மேலேயே பெயின்டால் தேதி எழுதி வைக்கிறார். அதுவும் நல்ல வழிதான்.

டேங்கில் தண்ணீர்

நாம் யாரும் டேங்கில் தண்ணீர் ஊற்றுவதில்லை. பிறகு எப்படி வருகிறது? பாதி டேங்கோடு வண்டியை இரவில் நிறுத்துகிறோம். மீதிப் பாதியில் காற்று இருக்கிறது. அந்தக் காற்றில் ஈரம் இருக்கிறது. இரவில் குளிர்ந்ததும் ஈரம் டேங்கின் சுவரில் துளியாகப் படிகிறது. சொம்பில் ஐஸ் தண்ணீர் வைத்தால் வெளியே வேர்க்கிறதே, அது போல. மழைக்காலத்தில் மூடி வழியாகவும் இறங்கும்.

தண்ணீர் டீசலைவிடக் கனம். ஆகவே அடியில் போய்த் தங்கும். டேங்கின் அடியில் ஒரு போல்ட் இருக்கும். வண்டி ராத்திரி முழுவதும் நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வரும், பிறகு டீசல் வரும். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். ஓடி வந்தவுடன் செய்தால் எல்லாம் கலங்கியிருக்கும், பயன் இல்லை. முடிந்தால் இரவில் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். காற்றுக்கு இடம் இல்லை என்றால் தண்ணீரும் இல்லை.

தண்ணீர் பம்புக்குப் போனால் துருப்பிடிக்கும். அந்தப் பம்பை மறுபடி சரிசெய்வது மிகவும் கடினம்.

வட இந்தியக் குளிரில் வேறு ஒரு தொல்லை. டீசலில் ஒரு வகை மெழுகு கலந்திருக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவது போல, கடுங்குளிரில் அந்த மெழுகு கட்டியாகி ஃபில்டரை அடைக்கும். இமயமலைப் பக்கம் போகும் ஓட்டுநர்களுக்கு இது தெரியும். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்காகத் தனிக் குளிர்கால டீசலைக் கொண்டு வந்தது. மைனஸ் 33 டிகிரி குளிரிலும் அது ஓடும். டீசல் உறைந்தால் டேங்குக்குக் கீழே துணியைக் கொளுத்திக் காட்டுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம். டேங்க் தீப்பிடித்தால் வண்டியும் போகும், ஆளும் போவார். குழாய் மேலும் ஃபில்டர் மேலும் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினால் போதும்.

கையும் வாயும் பத்திரம்

ரப்பர் குழாயை டேங்கில் விட்டு, வாயால் உறிஞ்சி டீசல் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்களே செய்தும் இருக்கலாம். இனிச் செய்யாதீர்கள். டீசல் கொஞ்சம் நுரையீரலுக்குள் போனாலும் மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்து. யாராவது டீசலைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி எடுக்கும்போதுதான் அது நுரையீரலுக்குப் போகும். நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

நாசில் தெளிக்கிறதா என்று சிலர் கையை நீட்டிப் பார்ப்பார்கள். 200 கிலோ அழுத்தம் என்று முன்னே சொன்னோம். அந்த டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூட அதிகம் இருக்காது. “ஒன்றும் இல்லை” என்று விட்டுவிடுவார்கள். சில மணி நேரத்தில் கை வீங்கும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். “அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் போய்விட்டது” என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். சாதாரணக் காயம் என்று கட்டுப் போட்டு அனுப்பிவிடக் கூடாது.

பம்ப் கடைக்குப் போனால்

எல்லாம் பார்த்தாயிற்று. டேங்க் சரி, குழாய் சரி, ஃபில்டர் புதிது, காற்று இல்லை. அப்படியும் இழுவை இல்லை என்றால் நாசிலையோ பெரிய பம்பையோ பார்க்க வேண்டும். இதைச் சாலையோரத்தில் திறக்கக் கூடாது. பெரிய ஊர்களின் டிரான்ஸ்போர்ட் நகரில் இதற்கென்றே தனிக் கடைகள் உண்டு. தூசி இல்லாத அறையில், டெஸ்ட் மெஷினில் பம்பை ஏற்றிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு குழாயிலும் எவ்வளவு டீசல் வருகிறது என்று கண்ணாடிக் குழாயில் அளப்பார்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு வர வேண்டும்.

அந்த அளவைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க உரிமை உண்டு. வேலைக்கு முன் எவ்வளவு, வேலைக்குப் பின் எவ்வளவு என்று தாளில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு லாரிக்காரர் ஒரு கடையில் பம்ப் வேலைக்குப் பணம் கட்டினார். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அப்போது அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுத்துக் கூட்டப் பழகிய பிறகு ஒருநாள் அந்த ரசீதை எடுத்தார். அதில் இருந்தது மூன்றே வரி. “ஃபில்டர் 2. வாஷர் 4. ஏர் எடுத்த கூலி.” மொத்தத் தொகை மட்டும் பம்ப் வேலைக்கான தொகை. இப்போது அவர் ரசீதைக் கடை வாசலிலேயே நின்று படிக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்து, “இது என்ன சாமான்? எடுத்துக் காட்டுங்க” என்று கேட்கிறார்.

பம்பில் ஈய முத்திரை வைத்துக் கட்டிய ஒரு ஸ்க்ரூ இருக்கும். டீசலின் உச்ச அளவை வைப்பது அதுதான். “இதைக் கொஞ்சம் திருகினால் இழுவை கூடும்” என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். கரும்புகை கூடும். டீசல் செலவு கூடும். இன்ஜின் சூடேறும். முத்திரை உடைந்திருந்தால் கடைக்காரரிடம் சொல்லி, மெஷினில் அளவு வைத்து, புது முத்திரை போட்டு வாங்குங்கள்.